மூணு மணி வடை

— வடையா? நான் கேட்டது என்ன, நீங்க சொல்ற பதில் என்ன? இந்தச் சிவப்பு நோட்டுல ஆறு மாசத்துல இருநூத்திப் பதினாலு தப்பு எழுதியிருக்கு. ஒவ்வொரு தப்புக்கும் நேரா ‘வடை உண்டு’, ‘வடை இல்லை’ன்னு ஒரு குறிப்பு. இதுக்கு என்னம்மா அர்த்தம்?

— அர்த்தம் வடைதாங்க சார். உளுந்து வடை.

— லூர்துராணி அம்மா! நீங்க கொள்ளிடம் பார்சல் சர்வீஸோட திருச்சி பிராஞ்சுக்கு ஹெட் கிளார்க். நான் மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்லேருந்து விசாரணைக்கு வந்திருக்கேன். கொஞ்சம் பொறுப்பா பதில் சொல்லுங்க.

— பொறுப்பாத்தான் சொல்றேன் சார். மொதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்த நாற்காலி நல்லது.

— வெங்காயம் போடாத உளுந்து வடை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ அம்மா. விசாரணைன்னு வந்துட்டா எதையும் மறைக்கப்படாது.

— நீங்க யாரு நடுவுல?

— அடியேன் சேஷு, சார்வாள். பில் கிளார்க். குடியிருக்கற ஆம் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில. அந்த இருநூத்திப் பதினாலுல எழுபத்தெட்டு அடியேன் பண்ணினது.

— பெருமையா சொல்றீங்களே ஐயா!

— பின்னே? லோடிங் மேஸ்திரி தைரியராஜ் எழுபத்தொண்ணுலயே நிக்கறான். லேபிள் ஒட்டற சின்னையன் நாப்பது. மீதி டைப்பிஸ்ட் அக்னஸ். அது பாவம், புதுசு. போகப் போக ஏறும்.

— அம்மா, இவரு எப்பவும் இப்படித்தானா?

— எப்பவும் இப்படித்தான் சார். ஸ்ரீரங்கத்துலேருந்து சைக்கிள்ல காவேரிப் பாலம் தாண்டி வர்றதுக்குள்ள பேச ஆளில்லாமத் தவிச்சுப் போயிடுவாரு. வந்ததும் எல்லாத்தையும் இங்க கொட்டிடுவாரு.

— சரி, நேரா விஷயத்துக்கு வரேன். மூணு வாரத்துக்கு முந்தி மாசாந்திர ரிஜிஸ்டர் கட்டு திருச்சியிலேருந்து மெட்ராஸுக்கு வந்துச்சு. பிரிச்சா, ரிஜிஸ்டருக்குப் பதிலா உள்ள இந்த நோட்டு. அதே நீளம், அதே சிவப்புக் காலிகோ துணி அட்டை. முதலாளி ஒரு பக்கத்தப் படிச்சதும் காப்பியக் கீழ வெச்சிட்டாரு. படிக்கட்டுமா? ‘பங்குனி மூணு. சேஷு. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லுக்குப் போக வேண்டிய சல்லடையத் திருவானைக்காவல் கல்யாண வீட்டுக்கும், கல்யாணக் கூறைப்புடவையை ரைஸ்மில்லுக்கும் பில் போட்டாச்சு. வடை உண்டு.’ கூறைப்புடவைய்யா! கம்பெனி மானம் என்னத்துக்கு ஆகறது?

— அது என்னோட ரத்தினம், சார்வாள். இந்த வருஷத்துலயே உசத்தி.

— சார், அத மட்டும் படிச்சா எப்படி? அடுத்த வரியையும் படிங்க.

— அடுத்த வரி... ‘ஆறரை மணிக்குப் புடவை திருவானைக்காவல் சேர்ந்தது. தைரியராஜ், சேஷு, ஒரே சைக்கிள்.’ இது என்ன?

— சொல்றேன் சார். மூணு மணிக்கு டீ வந்துச்சு. இவரு எந்திரிச்சு நின்னு, ‘நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், ரெண்டு பில்லும் இடம் மாறிப் போச்சு’ன்னாரு. காலைல அனுப்பின சரக்கு. யாரும் கேக்கல. மறுநாள் விடிஞ்சாத்தான் கல்யாண வீட்டுல பெட்டியத் தொறப்பாங்க. இவரு வாயத் தொறக்கலேன்னா பொண்ணு மணவறையில சல்லடையக் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்.

— தைரியராஜ் பெடல் மிதிச்சான், நான் பின்னால கேரியர்ல. மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தா, ரைஸ்மில்காரர் ஆத்துல ஒரே ரகளை. அவர் சம்சாரம் பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டா. ‘அரக்குக் கலர்ல கூறைப்புடவை! யாருக்குய்யா இது?’ன்னு உலக்கையக் கையில வெச்சுண்டு கேக்கறா. அந்த மனுஷர் நெல்லு மூட்டைக்குப் பின்னால நிக்கறார். நான் போய்ப் பில்லக் காட்டினேன் பாருங்கோ, பெருமாளே நேர்ல வந்தாப்பல என் கையப் பிடிச்சுண்டுட்டார். இன்னிக்கு வரைக்கும் அவர் சரக்கு வேற கம்பெனிக்குப் போறதில்லை.

— சிரிக்காதீங்க ஐயா. நான் சிரிக்கிற மாதிரியும் பேசாதீங்க. விசாரணை நடக்குது.

— சிரிச்சா விசாரணை கெட்டுப்போயிடாதுங்க சார்.

— வழக்கம் என்னன்னு மொதல்லேருந்து சொல்லுங்கம்மா.

— ரொம்பச் சின்ன வழக்கம் சார். தெனமும் மூணு மணிக்குத் தெருமுனை வள்ளிக்கண்ணு கடையிலேருந்து டீ வரும், ஆளுக்கொரு பிஸ்கட் வரும், ஒரே ஒரு வடை வரும். அன்னிக்கு யாரு தப்பு பண்ணாங்களோ அவங்க எந்திரிச்சு, தன் வாயால, எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லணும். ரெண்டு மூணு பேரு சொன்னா, இருக்கறதுலயே பெரிய தப்புக்கு வடை. வடை தின்னு முடிக்கறதுக்குள்ள மீதிப் பேரு அந்தத் தப்பை எப்படிச் சரி பண்றதுன்னு யோசிச்சுச் சொல்லணும். அவ்வளவுதான்.

— ‘வடை இல்லை’ன்னு சில இடத்துல போட்டிருக்கே?

— அது, நாம சொல்றதுக்கு முந்தி அடுத்தவா கண்டுபிடிச்சுட்டா வடை கிடையாது சார்வாள். ரூல் அதான். எனக்கு அப்படி ஒன்பது வடை போயிடுத்து. ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு.

— அப்ப தப்பு பண்ணவனுக்குப் பரிசு. ஒழுங்கா வேலை செஞ்சவனுக்கு வெறும் பிஸ்கட். உலகத்துல எங்கயாச்சும் இப்படி நடக்குமா? வடைக்காகவே ஒருத்தன் வேணும்னு தப்பு பண்ண மாட்டானா?

— சின்னையன் ஒருவாட்டி பண்ணிப் பாத்தான் சார். எடமலைப்பட்டி புதூர் பார்சல் ஒண்ண வேணும்னே மேசைக்கு அடியில வெச்சுட்டு, மூணு மணிக்கு எந்திரிச்சு அழுதான். கண்ணுல தண்ணியே வரல. நாங்க நாலு பேரும் சிரிச்ச சிரிப்புல, ஒரு வாரம் தலை தூக்கல. அப்புறம் யாரும் அந்த வேலைக்குப் போகல. கூட உக்காந்திருக்கறவங்களை ஏமாத்தறது லேசு இல்ல சார்.

— மதுரை பிராஞ்ச் ரிப்போர்ட் என் பையில இருக்கு. ஆறு மாசத்துல ஒரு தப்பு கூட இல்ல. சுத்தம். கோயமுத்தூர் மூணே மூணு. நீங்க இருநூத்திப் பதினாலு! நான் முதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?

— அந்தப் பையிலயே இன்னொரு காகிதமும் இருக்குமே சார். வாடிக்கைக்காரங்க எழுதின புகாரு.

— இருக்கு.

— மதுரைக்கு எத்தனை?

— அறுபத்தொம்பது.

— கோயமுத்தூர்?

— நாப்பத்தி... அது எதுக்கு இப்ப?

— எங்களுக்கு எத்தனைங்க சார்?

— ரெண்டு.

— மாதாவே, ரெண்டா! சேஷு, ஒண்ணுதான்னு சொன்னீங்க?

— இன்னொண்ணு அந்த ரைஸ்மில் சம்சாரமா இருக்கும்மா. புடவையத் திருப்பி வாங்கிண்டோம்னு.

— அல்லாவே! நெசமாவே அவங்கதான்! ‘புடவையக் கண்ணுல காட்டிட்டுப் பிடுங்கிட்டாங்க’ன்னு எழுதியிருக்காங்க!

— பாத்தேளா, சார்வாளும் சிரிச்சுட்டார்.

— சரி சரி. அந்தத் தட்டச்சுக்கார அம்மா, கீழ இருக்கற ரெண்டு பேரு, அவங்களையும் கூப்பிடுங்க. தனித்தனியா விசாரிக்கணும்.

— அக்னஸ் கீழ கவுண்டர்ல இருக்கா சார். தைரியராஜும் சின்னையனும் மூணரை மணி மெட்ராஸ் லாரிக்கு லோடு ஏத்தறாங்க. லாரி போனதும் மூணு பேரையும் வரச் சொல்றேன். ஒண்ணு மட்டும் கேளுங்க சார். போன ஐப்பசியில வெள்ளம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? திருச்சியே தண்ணியில நின்னுச்சு. உங்க பிராஞ்சுல ஒரு பார்சல் கூட நனையலைன்னு முதலாளி தன் கையாலயே கடுதாசி எழுதினாரே.

— அந்தக் கடுதாசி அதோ, சுவத்துல. நோட்டுல அந்தத் தேதியப் பாருங்க சார்.

— இருங்க... ‘சின்னையன். கீழ் கோடவுன் பின்கதவுத் தாழ்ப்பாள் ஒடிஞ்சது. ரெண்டு நாளா சொல்லலை. இன்னிக்குச் சொன்னான். வடை உண்டு.’

— அவ்வளவுதான் சார் நாங்க பண்ண சாமர்த்தியம். வெள்ளம் வரும்னு எங்களுக்கு ஜோசியமா தெரியும்? கதவு சாத்த முடியலையே, திருடன் வந்துடுவானேன்னு பயந்து, அத்தனை பார்சலையும் மாடிக்கு ஏத்திட்டு வீட்டுக்குப் போனோம். விடியறதுக்குள்ள தெருவுல இடுப்பளவு தண்ணி. பக்கத்துக் கோடவுன்ல ஜவுளி மூட்டையெல்லாம் சேத்துல கிடந்துச்சு. அன்னிக்கு அவன் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா? இருந்திருப்பான் சார், வேற ஆபீஸா இருந்தா. தாழ்ப்பாளை ஒடைச்சதே அவன்தான்.

— மாடிக்கு ஏத்தறச்சே நான் ஒரு பெட்டியக் கால்ல போட்டுண்டேன். அதுக்கும் வடை கேட்டேன். குடுக்கலை.

— ஏன்?

— கால் என்னோடதாம், கம்பெனியோடது இல்லையாம். அம்மா தீர்ப்பு.

— இந்த வழக்கத்தை யாரு ஆரம்பிச்சது?

— இவாதான் சார்வாள். பதினோரு வருஷம் ஆச்சு.

— எதுக்கும்மா? என்ன தோணுச்சு உங்களுக்கு?

— அற்புதசாமின்னு ஒரு பையன் சார். பையன்னா, கல்யாணம் ஆகி ஒரு கொழந்தை இருந்துச்சு. எங்க மேலப்புதூர் மாதா கோயில் பங்கு ஆளுதான். அவனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான். பொன்மலை ரயில்வே ஆளு ஒருத்தருக்குக் கண்ணு மருந்து வந்த பார்சல், இவன் கையில தவறி விழுந்து ஒடைஞ்சு போச்சு. சின்னப் பாட்டில். சொல்லியிருந்தா மறுநாளே வேற வரவழைச்சிருப்பேன். அப்ப இருந்த ஹெட் கிளார்க் எரிஞ்சு விழுவாரு. பயந்துக்கிட்டு அதை அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டான். ஒம்பது நாள். அந்த ரயில்வேக்காரர் தெனமும் வந்து வந்து கேப்பாரு. இவன் தெனமும் ‘நாளைக்கு வரும், நாளைக்கு வரும்’பான். பத்தாம் நாள் ஆளைக் காணோம்.

— யாரை?

— அற்புதசாமியை. வீட்டுலயும் இல்ல, ஊர்லயும் இல்ல. அவன் சம்சாரம் கொழந்தையத் தூக்கிக்கிட்டு இந்தப் படியில வந்து உக்காந்திருந்தா சார். நாலு மாசம் கழிச்சு வேளாங்கண்ணியில யாரோ பாத்துக் கூட்டியாந்தாங்க. ஒரு பாட்டில் சார். ஒரு சின்ன பாட்டிலுக்காக. அப்பத்தான் நெனச்சேன். தப்பு யாரையும் கொல்லாது, அதை மறைச்சு வெச்சுக்கிட்டு அலையற பாரம்தான் கொல்லும். நான் ஹெட் கிளார்க் ஆன மறுநாளே வடை வாங்கியாரச் சொன்னேன்.

— ஏன் வடை?

— ஜாங்கிரின்னா பிசுபிசுன்னு பில்லுல ஒட்டிக்கும் சார்.

— அதுல இன்னொரு சூட்சுமம் சார்வாள். வெங்காயம் போட்ட வடையா இருந்தா நான் தொட மாட்டேன். அதுக்காகவே அம்மா வள்ளிக்கண்ணுகிட்ட தனி மாவுல ஒண்ணு தட்டச் சொன்னா. ஆத்துக்காரி வேதவதிக்கு இந்த விஷயம் தெரியாது. வெளியில சாப்பிடறேன்னு தெரிஞ்சா அன்னிக்கு எனக்குத் தளிகை கிடையாது, பட்டினிதான். தயவு பண்ணி ரிப்போர்ட்ல எழுதிடாதேங்கோ.

— இதுவரைக்கும் நீங்க எத்தனை வடை சாப்பிட்டிருக்கீங்கம்மா?

— நானா?

— கேக்கப்படாத கேள்வி சார்வாள்! பதினோரு வருஷத்துல அம்மா ஒரு வடை தொட்டதில்லை. ஒண்ணு! ஒரு தப்பு! கிடையாது. நாங்க நாலு பேரும் சேர்ந்து ஒருவாட்டி தேடிப் பாத்தோம், ஏதாவது கிடைக்குமான்னு. பழைய பில்லெல்லாம் புரட்டினோம். மாதா கோயில் சிலை மாதிரி சுத்தம். நாங்க எல்லாம் தைரியமா தப்பு பண்றதே, அம்மா பண்ண மாட்டாங்கற நம்பிக்கையிலதான்.

— சேஷு, டீ சொல்லி அனுப்பினீங்களா? சார் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு.

— இதோ, மணி மூணு ஆயிடுத்தே. கூடை வந்திருக்கும். தள்ளுங்கோ சார்வாள், ஜன்னல் ஓரத்துல நிக்கறேள். வெள்ளத்துக்கு அப்புறம் ஆபீஸ் மாடிக்கு வந்துடுத்து இல்லையா, கயித்துல கூடை கட்டித்தான் டீ மேல ஏத்தறோம். வள்ளிக்கண்ணூ! வெச்சாச்சா? ...ஆங், இழுக்கறேன்.

— மணக்குதே.

— மூணு வாரமா மணக்கறதோட சரி.

— சேஷு.

— இல்லம்மா, விசாரணைன்னா மறைக்கப்படாது. சார்வாள், நீங்க கேட்டேளே, இந்தக் கூட்டம் எப்படி வேலை செய்யறதுன்னு. இப்ப செய்யலை. அதான் நிஜம். அந்த நோட்டு மெட்ராஸுக்குப் போயிடுத்துன்னு உங்க ஆபீஸ்லேருந்து போன் வந்த அன்னிக்கே எல்லாம் போயிடுத்து.

— ஏன்?

— யாரு அனுப்பினான்னு யாரும் சொல்லலையே! பதினோரு வருஷத்துல மொதத் தடவையா ஒரு தப்பு நடந்திருக்கு, சொந்தக்காரன் எந்திரிக்கலை. மூணு மணிக்கு எல்லாரும் உக்காந்து டீயக் குடிச்சுட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். தைரியராஜ் நான்தான்னு நெனைக்கறான். நான் அவன்தான்னு நெனைக்கறேன். அக்னஸ் தனியா சாப்பிடறா. சின்னையன் பாடறதையே விட்டுட்டான். அவன் பாட்டு நன்னா இருக்காது, இருந்தாலும் அது இல்லாம லேபிள் ஒட்டற சத்தத்துல எனக்குக் கணக்கே கூட மாட்டேங்கறது. வேற எந்தத் தப்பையும் கூட இப்ப யாரும் சொல்றதில்லை. வடை அப்படியே தட்டுல காஞ்சு போய், அஞ்சு மணிக்குக் காக்காய்க்குப் போறது. ஜன்னல்ல பாருங்கோ, இப்பவே வந்து உக்காந்துடுத்து.

— அன்னிக்கு அந்தக் கட்டை யாரு கட்டினது?

— அஞ்சு பேருந்தான் கட்டினோம். கல்யாண சீசன், மூச்சு விட நேரமில்லை. அம்மா மூக்குக் கண்ணாடி வேற கால் ஒடிஞ்சு கடையில இருந்தது. நான்தான் விலாசமெல்லாம் சத்தமா படிச்சேன், தைரியராஜ் சணல் கட்டினான், அக்னஸ் அரக்கு வெச்சா, சின்னையன் லேபிள். உள்ள எது போச்சுன்னு யாருக்குத் தெரியும்?

— லூர்துராணி அம்மா, உங்களுக்குத் தெரியுமா, அனுப்பினது யாருன்னு?

— தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க சார்?

— முதலாளி சொன்னது ரெண்டே விஷயம். நோட்டை அனுப்பினவங்க பேரு வேணும். பிராஞ்ச் சரியில்லைன்னா அஞ்சு பேரையும் அஞ்சு ஊருக்கு மாத்தணும். விசாரிச்சுட்டு எழுதுன்னாரு.

— அஞ்சு ஊரா? எனக்கு எந்த ஊரு?

— சேலம்... சேலமா இருக்கலாம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— பெருமாளே! தெனம் காலம்பற அவரைச் சேவிக்காம எனக்குச் சாதம் எறங்காது, சார்வாள். தைரியராஜ் இல்லாத இடத்துல எனக்குப் பில்லே போட வராது. நான் கிறுக்கறது அவனுக்குத்தான் புரியும்.

— எனக்கு எங்க போனாலும் பரவால்ல சார். இவங்க நாலு பேரையும் பிரிச்சுடாதீங்க. இவங்க ஒவ்வொருத்தரும் தனியா ஒண்ணும் பெரிய கெட்டிக்காரங்க இல்ல. சேர்ந்து உக்காந்தா மட்டும் எங்கேருந்தோ அந்த அறிவு வந்துடுது. எனக்குப் புள்ளைங்க கிடையாது சார். காலைல ஒம்பது மணிக்கு இந்தப் படியேறும்போது இருக்கற சந்தோஷம், வீட்டுக்குப் போறப்ப இருக்கறதில்ல. வெக்கமில்லாமத்தான் சொல்றேன். டீ எடுத்துக்குங்க.

— அம்மா. நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— எந்திரிச்சு நின்னா சொல்லணும்?

— வழக்கம் அப்படித்தான். நீங்க எதுக்கு சார் நிக்கணும்?

— நிக்கறேன். நான், பரக்கத் அலி, ஒரு தப்பு பண்ணிட்டேன். விசாரிச்சு எழுதுன்னாரு முதலாளி. நான் எழுதிட்டு விசாரிக்க வந்தேன்.

— புரியலையே சார்வாள்?

— ரயில்ல வரும்போதே, விருத்தாசலம் தாண்டறதுக்குள்ள ரிப்போர்ட்ட எழுதி முடிச்சுட்டேன். இருநூத்திப் பதினாலு தப்பு, இதுல விசாரிக்க என்ன இருக்குன்னு. உங்க மூஞ்சியக் கூடப் பாக்கல. அஞ்சு பேருக்கு அஞ்சு ஊரு. உங்களுக்கு நாகர்கோவில் அம்மா. இவருக்கு நெசமாவே சேலம். காலைல பதினோரு மணிக்கு உங்க கவுண்டர்லயே கவர ஒட்டிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வாங்கி மெட்ராஸ் பையில போட்டுச்சு. நாளைக்கு முதலாளி கையெழுத்துப் போட்டுட்டாருன்னா அப்புறம் அல்லா சொன்னாலும் மாத்த மாட்டாரு. தௌபா, தௌபா, அல்லாதான் மன்னிக்கணும். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி வாய்விட்டுச் சொன்னதே இல்ல.

— சேஷு, மணி என்ன?

— மூணே கால்!

— லாரி?

— நிக்கறது! ஜன்னலை விட்டுத் தள்ளுங்கோ! ஏ தைரியராஜ்! தைரியராஜ்! மெட்ராஸ் பையை ஏத்தாதே! ...என்னது? ஏத்தியாச்சா? எறக்கு! ...எதுக்கு மேல எது? ...வெங்காய மூட்டைக்கு அடியில இருக்காம், சார்வாள்.

— எத்தனை மூட்டைக்கு?

— எத்தனை மூட்டைடா? ...பதினாறாம். ...எறக்குடா! ஏன்னு அப்புறம் சொல்றேன்! ...சின்னையா, நீயும் ஏறு! ...டிரைவரை அக்னஸ் பாத்துப்பா! அக்னஸ், அவனுக்கு என் கணக்குல பிஸ்கட் வாங்கிக் குடு! ...இல்லடா, இந்தத் தப்பு என்னோடது இல்லை! பெரிய எடத்துத் தப்பு!

— ஐயா, ஊருக்கே கேக்குது.

— கேட்டாத்தான் வழக்கம். ...கிடைச்சுதா? கூடையில வை! டீ கூடையிலதான்! ...பிடிங்கோ சார்வாள், நீங்களும் ஒரு கை கயித்தப் பிடிங்கோ. கனம் ஜாஸ்தி. ...ஆச்சு. வந்துடுத்து!

— மெதுவா பிரிங்க சேஷு, மத்த கடுதாசிங்க கலைஞ்சிடப் போவுது. இந்தாங்க சார். இதானே உங்க கவரு?

— இதான். இதேதான். மாஷா அல்லா! அம்மா, மூணு நிமிஷத்துல பதினாறு மூட்டை! ரெண்டு பேரு! எதுக்குன்னு கூடக் கேக்கலையே!

— மூணு மணியிலேருந்து மூணரைக்குள்ள எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார். கீழ பாருங்க, தைரியராஜ் சிரிக்கறான். மூணு வாரம் கழிச்சு.

— சின்னையன் பாட ஆரம்பிச்சுட்டான். அபஸ்வரம். ஆனா காதுல தேன் பாயறது.

— இதக் கிழிச்சுப் போட்டுடறேன். இப்பவே. ...அப்பாடா. நெஞ்சுல இருந்த கல்லு எறங்கினாப்புல இருக்கு. சொன்னதும் ஒண்ணுமே ஆகலையே! நீங்களும் திட்டல, கூரையும் இடியல. இதுக்கா இத்தன பயம்?

— சொல்லிட்டா அவ்வளவுதான் சார்வாள். அப்புறம் ரூல் படி பாத்தா, அடுத்தவா கண்டுபிடிக்கறதுக்கு முந்தியே உங்க வாயால சொல்லியாச்சு. இன்னிக்கு இதைவிடப் பெரிய தப்பு வேற யாரும் பண்ணலை. அதனால வடை தேவரீருக்குத்தான்! எடுத்துக்கோங்கோ, இன்னும் சூடு இருக்கு.

— நானா? நான் விசாரணைக்கு வந்தவன்யா.

— வெக்கப்படாதேங்கோ. மூணு வாரமா யாரும் தொடாத கௌரவம்.

— நல்லா மொறுமொறுன்னு இருக்கே. பிஸ்மில்லா...

— சார்.

— என்னம்மா?

— அதக் கீழ வைங்க சார்.

— ஏன் அம்மா? சார்வாள் தப்பைவிடப் பெரிசா யாரு பண்ணியிருக்கா? ...ஏன் எந்திரிச்சு நிக்கறேள்?

— மூக்குக் கண்ணாடி இல்லாம அன்னிக்கு நோட்டை உள்ள வெச்சது நான்தான் சேஷு. மூணு வாரமா அந்த வடை என்னோடது.